ஒரு கிராம் குங்குமப்பூ

எங்கள் பிளாக்கில் ஒரு வளைகாப்பு. ஐப்பசி மழை சற்று விட்டிருந்த காலை. வந்தவர்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பெண்ணின் அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கையில் ஒரு சின்ன டப்பாவை வைத்தார்.

"சார், நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியாராச்சே. இது அசல்தானான்னு பார்த்துச் சொல்லுங்க. பின் தெருவுல இருக்கற சி.ஐ.எஸ்.எஃப்.காரர் லீவுக்குப் போயிட்டு வரும்போது வாங்கிட்டு வந்தாரு. காஷ்மீர் குங்குமப்பூவாம்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளை கொஞ்சம் நெறம் கம்மி. கொழந்தையாவது செவப்பா பொறக்கட்டும்."

நெய்வேலி டவுன்ஷிப்பில் இந்தியாவின் எந்த மூலைப் பொருளும் ஒருநாள் யாராவது ஒருவர் பெட்டியில் வந்து இறங்கிவிடும். பல மாநிலத்தாரும் ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ்களில் குடியிருக்கும் ஊர் இது. ஆனால் இந்த டப்பா வந்த காரணம்தான் மனதை உறுத்தியது. குங்குமப்பூவில் அருமையான மருந்துச் சரக்கு இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, அதனால் ஒருநாளும் முடியாத ஒரு வேலையைத்தான் நம் வீடுகளில் அதனிடம் கேட்கிறோம். அந்த அம்மாவிடம் அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய் வெள்ளைத்தாளில் கொட்டினேன். அடர்சிவப்பு இழைகள். ஒவ்வொன்றும் ஒரு முனையில் மெலிந்து, மறுமுனையில் நாதசுர வாய்போல விரிந்திருந்தது. காய்ந்த வைக்கோலில் தேன் சிந்தினாற்போல ஒரு மணம். ஊசிமுனையால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினேன். 450-ஐ ஒட்டி வந்தது. ஒரு பூவில் மூன்றே இழைகள்தான் உண்டு. அப்படியானால் இந்த ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ 150 பூக்கள். ஒரு கிலோவுக்கு ஒன்றரை லட்சம் பூக்கள். விலையைக் கேட்டு மலைப்பவர்கள் இந்த எண்ணிக்கையைப் பார்த்தால் போதும்.

அந்த இழை பூவின் சூல்முடி. மகரந்தத்தை வாங்கி விதையாக்க வேண்டிய உறுப்பு. ஆனால் குங்குமப்பூச் செடி விதையே வைப்பதில்லை. பெரும்பாலான செடிகளில் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். இதில் மூன்று மூன்றாக, மொத்தம் 24 இருக்கின்றன. மூன்றை இரண்டு சம பங்காகப் பிரிக்க முடியாததால் செடி மலடாகிவிட்டது. கிரேக்க நாட்டில் இன்றும் தானாகவே வளரும் ஒரு குரோக்கஸ் செடியிலிருந்து இது பிறந்தது என்று 2019-இல் மரபணு ஆய்வுகள் காட்டின. அதன்பின் மனிதன் கிழங்கைத் தோண்டிப் பிரித்து நட்டால்தான் அடுத்த தலைமுறை. ஈரானில் பூப்பதும் ஸ்பெயினில் பூப்பதும் காஷ்மீரில் பூப்பதும் அப்படிக் கைமாறி வந்த கிழங்குகளின் வழித்தோன்றல்களே.

நம் நாட்டில் இதன் ஊர் பாம்போர். ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு போகும் சாலையில், புல்வாமா மாவட்டத்தில் இருக்கிறது. அக்டோபர் கடைசியில் மொட்டைத் தரையைக் கிழித்துக்கொண்டு ஊதாப் பூக்கள் எழும். இரண்டு மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். காலையிலேயே பறித்துக் கூடையில் கொண்டுவந்து, குடும்பமே சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு பூவாகப் பிரித்துச் சிவப்பு இழையை எடுக்கும். அடியில் இருக்கும் மஞ்சள் காம்பையும் சேர்த்து எடுத்தால் லச்சா, சிவப்பு மட்டும் என்றால் மோங்ரா. 2020-இல் காஷ்மீர் குங்குமப்பூவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் நிலம் சுருங்கிக்கொண்டே வருகிறது. 1990களின் நடுவில் 5,700 ஹெக்டேர் இருந்த சாகுபடி, பிறகு 3,700 ஹெக்டேர் அளவுக்கு வந்துவிட்டது. பூக்கும் முன் பெய்ய வேண்டிய மழை தவறுவது, கிழங்கழுகல், வயலில் முளைக்கும் வீடுகள் என்று காரணங்கள் பல. 2010-இல் மத்திய அரசு இதற்கென்றே ஒரு தேசியத் திட்டம் தொடங்கும் அளவுக்கு நிலைமை போயிற்று.

நெய்வேலிக்காரனுக்கு மட்டும் பிடிபடும் ஒரு சங்கதி அந்த மண்ணில் இருக்கிறது. குங்குமப்பூ வளரும் மேட்டுநிலத்தைக் காஷ்மீரில் கரேவா என்கிறார்கள். ஒரு காலத்தில் பள்ளத்தாக்கை நிறைத்திருந்த ஏரியின் அடியில் படிந்த வண்டல் அது. அதே கரேவா படிவுகளுக்குள், வடக்கே ஹந்த்வாரா பக்கம் நிச்சஹோமா என்ற இடத்தில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. 1930களில் இங்கே நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தன் நிலத்தில் துளை போட்டபோது கறுப்பாக வந்ததே, அதே லிக்னைட். வயதில் நம்முடையது பல கோடி ஆண்டு மூத்தது. இருந்தாலும், அங்கே மேலே பூவும் அடியில் கரியுமாக ஒரே படிவு இருக்கிறது என்பதைப் படித்தபோது அந்த ஊர் எனக்குச் சொந்தக்காரர் ஊர்போல ஆகிவிட்டது.

"அப்போ நம்ம தோட்டத்துல போட்டா வருமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வராது. கோடையில் தூங்கும் கிழங்குக்குள் பூ உருவாக 23 முதல் 27 டிகிரி வேண்டும். அது பிறகு வெளியே வர வெப்பம் 17 டிகிரி அளவுக்கு இறங்க வேண்டும். நெய்வேலியில் மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அது மட்டுமல்ல, அங்கே பூக்கும் அதே ஐப்பசியில்தான் இங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டும். கிழங்கு அழுகிப்போகும். குளிரூட்டிய அறைக்குள் தட்டுகளில் அடுக்கி வளர்ப்பவர்கள் நாட்டில் சில இடங்களில் இருக்கிறார்கள். அது வேறு கணக்கு, மின்சாரக் கணக்கு.

இனி இழைக்குள் இருப்பதற்கு வருவோம். என் மனதுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மக்காச்சோளத்துக்கு மஞ்சள் நிறம் தருவது ஸீயாசாந்தின் என்ற ஒரு நிறமி. 40 கார்பன் அணுக்கள் கொண்ட நீளமான ஒரு குச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். குங்குமப்பூவின் சூல்முடியிலும் முதலில் உருவாவது அதுதான். பிறகு ஒரு நொதி அந்தக் குச்சியைச் சரியாக இரண்டு இடத்தில் ஒடிக்கிறது. இரண்டு ஓரத்திலும் பத்துப் பத்து, நடுவில் இருபது. எந்த நொதி இந்த வேலையைச் செய்கிறது என்பது 2014-இல்தான் தெரியவந்தது. சி.சி.டி.2 என்று அதற்குப் பெயர்.

நடுத்துண்டுதான் நிறம். அதன் பெயர் குரோசெட்டின். அதன் இரு முனையிலும் செடி சர்க்கரையைக் கட்டிவிடுகிறது. அப்படிக் கட்டியது குரோசின். இந்தச் சர்க்கரைதான் சூட்சுமம். கேரட்டின் நிறமி தண்ணீரில் கரையாது. அல்வா கிளறும்போது நெய்தான் ஆரஞ்சாகும். குரோசினோ சர்க்கரையின் தயவால் தண்ணீரிலும் பாலிலும் கரைந்து இறங்கும். நிறமிகளின் இந்தக் குடும்பத்தில் இப்படிக் கரைபவை மிகச் சில.

ஓரத்துண்டுகளுக்கும் சர்க்கரை ஏறுகிறது. அது பிக்ரோகுரோசின். ஒரு இழையை நாக்கில் வைத்தால் தெரியும் கசப்பு அதுதான். பூவைப் பறித்து இழையைக் காயவைக்கும்போது அந்தச் சர்க்கரை கழன்றுவிடும். மிச்சம் இருப்பது சஃப்ரனால், நம் மூக்குக்கு எட்டும் அந்த மணம். பச்சை இழையில் இந்த மணம் இராது. பிரிப்பவரின் விரலைப் போலவே, காயவைப்பவரின் கைப்பக்குவமும் இதில் பெரிது. ஈரத்தோடு மெல்லக் காய்ந்தால் நிறம் போகும், சூடு மீறினால் மணம் போகும். நிறமும் கசப்பும் மணமும் ஒரே குச்சியின் துண்டுகளிலிருந்து வருபவை என்று முதன்முதலில் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டிய அன்று எனக்கே ஒரு சிலிர்ப்பு இருந்தது.

சரக்கின் தரத்தையும் உலகம் இந்த மூன்றை வைத்தே அளக்கிறது. ஐ.எஸ்.ஓ. 3632 என்பது அந்த அளவுமுறை. இழையைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீர் எந்த ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்ப்பார்கள். 440 நானோமீட்டர் அலைநீளத்தில் நிறம், 330-இல் மணம், 257-இல் கசப்பு. நிறத்தின் எண் 200-க்குக் குறையாமல் இருந்தால் முதல் தரம். குரோசின் வெளிச்சத்திலும் ஈரத்திலும் சிதைந்துபோகும். அடுப்பு மேடையில் கண்ணாடி பாட்டிலில் அழகாக வைக்கிறோமே, அதைவிட இருட்டான அலமாரியில் இறுக மூடிய தகர டப்பா மேல்.

அன்று மாலை அந்த வீட்டுக்கே திரும்பப் போய், இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டேன். ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மூன்று இழைகளைப் போட்டேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அந்த அம்மாவின் முகம் வாடியது. "பொறுங்கம்மா" என்றேன். இழையின் நுனியிலிருந்து மஞ்சளாக ஒரு புகைச்சுருள் கிளம்பி டம்ளரின் அடியை நோக்கி இறங்கியது. கால் மணி நேரத்தில் தண்ணீர் பொன்னிறம். இழை மட்டும் சிவப்பாகவே கிடந்தது. அசலின் நடத்தை இது. மக்காச்சோள நாருக்கோ குசும்பாப் பூவுக்கோ சாயம் ஏற்றியதாக இருந்தால், போட்ட மாத்திரத்தில் சாயம் சிவப்பாகக் கழன்று, இழை வெளுத்துவிடும்.

அடுத்த டம்ளரில் காலையில் சுற்றிக் கொட்டிய ஆரத்தியின் மிச்சம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது நம் பாட்டிகள் அறிந்த வேதியியல். மஞ்சளில் உள்ள குர்குமின், காரத்தைக் கண்டால் சிவப்பாக மாறும். குரோசினுக்கு அந்தக் குணம் கிடையாது. பொன்னிறத் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போட்டேன். மஞ்சளாகவே நின்றது. மஞ்சள்தூள் பூசிய போலியாக இருந்தால் இந்நேரம் சிவந்திருக்கும். குங்குமம் என்ற சொல்லே வடமொழியில் முதலில் இந்தப் பூவைக் குறித்ததுதான். நாம் நெற்றியில் வைக்கும் குங்குமமோ மஞ்சளும் காரமும் சேர்ந்து பிறப்பது. எட்டாத பூவின் பெயரை, கைக்கெட்டும் மஞ்சளுக்கு வைத்துக்கொண்டோம்.

"அசல்தாம்மா" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அதன் பிறகுதான் எனக்குச் சிரமமான பேச்சு.

மருந்தாக இதற்கு நீண்ட வரலாறு உண்டு. யுனானியில் மனதை மலர்த்தும் சரக்குகளில் இது முக்கியமானது. ஆயிரம் ஆண்டுக்கு முன் இப்னு சீனா இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தப் பழைய நம்பிக்கையை இன்றைய முறைப்படி சோதித்தவர்கள் ஈரானியர்கள். தெஹ்ரானில் ஷாஹின் அகோந்த்ஸாதே குழுவினர் 2004-இல் மனச்சோர்வு நோயாளிகள் 30 பேரை எடுத்துக்கொண்டனர். பாதிப்பேருக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் குங்குமப்பூச் சத்து, மற்றவர்களுக்கு இமிப்ரமின் மாத்திரை. ஆறு வாரத்தில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றம். அடுத்த ஆண்டு ஃப்ளூக்ஸெட்டின் மாத்திரையோடு ஒப்பிட்டபோதும் அப்படியே. மருந்தில்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டபோது குங்குமப்பூ தெளிவாக முந்தியது. அதன்பின் இதுபோல் பல ஆய்வுகள் வந்துவிட்டன. மிதமான மனச்சோர்வில் இதற்குப் பலன் உண்டு என்றே பெரும்பாலானவை சொல்கின்றன.

30 மில்லிகிராம் என்றால் எவ்வளவு? இழையின் எடையாகவே கொண்டால், எண்ணி வைத்த கணக்குப்படி 13, 14 இழைகள். நான்கைந்து பூக்கள். ஒரு கிராம் டப்பா ஒரு மாதத்துக்கு வரும். நாம் பாலில் போடும் இரண்டு மூன்று இழை இதில் கால் பங்குகூட ஆகாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களே நடந்தவை, பல ஒரே நாட்டிலிருந்து வந்தவை. மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதை எடுத்துக்கொள்ள இவை போதாது. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவதாக இருந்தாலும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கண் பற்றிய ஆய்வுகள் என்னைக் கூடுதலாக ஈர்த்தவை. வயதானால் விழித்திரையின் மையம் தேய்ந்து, எதிரே இருப்பவரின் முகம் மட்டும் மங்கும் ஒரு நோய் உண்டு. 2010-இல் இத்தாலியில் அத்தகைய 25 பேருக்கு மூன்று மாதம் தினமும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். விழித்திரை ஒளிக்குக் காட்டும் மின்துடிப்பு மேம்பட்டது. 2019-இல் ஆஸ்திரேலியாவில் 100 பேரிடம் செய்தபோதும் முன்னேற்றம் தெரிந்தது, சிறிய அளவில். நோயை அது போக்கவில்லை. மறதி நோயான அல்சைமரிலும் டோனெபெசில் மருந்துக்கு இணையாக வேலை செய்ததாக ஈரானிய ஆய்வு ஒன்று சொல்கிறது. அதிலும் ஆட்கள் ஐம்பது சொச்சம் பேர்தான்.

எப்படி வேலை செய்கிறது? குரோசின் அப்படியே ரத்தத்தில் ஏறுவதில்லை. குடலில் சர்க்கரை கழன்று, வெறும் குரோசெட்டினாகத்தான் உள்ளே போகிறது. செடி கட்டிவிட்டதை நம் குடல் அவிழ்க்கிறது. அந்தச் சிறிய மூலக்கூறால் மூளைக்குள் நுழைய முடியும். அங்கே செல்களை அரிக்கும் ஆக்சிஜன் வகையறாக்களை அது அடக்குகிறது. செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடாமல் இழையின் பொருள்கள் தடுப்பதாக விலங்குகளில் நடந்த சோதனைகள் சொல்கின்றன.

எல்லா மருந்தையும்போல இதற்கும் எல்லை உண்டு. சமையலுக்குச் சேர்க்கும் அளவில் பயமில்லை. நாளுக்கு ஒன்றரை கிராம் வரை பெரிய கெடுதல் காணப்படவில்லை. 5 கிராமுக்கு மேல் நஞ்சு. 12 முதல் 20 கிராம் உயிரையே எடுக்கும். மிகுந்த அளவு கருப்பையைச் சுருங்க வைக்கும் என்பதால் பழைய மருத்துவ நூல்களே கர்ப்பிணிகளை எச்சரித்திருக்கின்றன. "நல்லதுதானே" என்று அள்ளிப் போடுவது கர்ப்பிணிக்கு ஆகவே ஆகாது. டப்பா விலை நம்மைக் காப்பாற்றுகிறது என்றே சொல்ல வேண்டும்.

இப்போது அந்த அம்மாவின் ஆசைக்கு வருகிறேன். தோலின் நிறம் மெலனின். அதை எவ்வளவு உண்டாக்க வேண்டும் என்ற கட்டளை தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்த மரபணுக்களில், கரு உண்டான நொடியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அவற்றில் ஒன்றான எஸ்.எல்.சி.24ஏ5 மரபணுவை ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வு மைய விஞ்ஞானிகள் இந்தியா முழுவதும் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். அதன் ஓர் எழுத்து மாறினாலே நிறத்தில் வேறுபாடு வருகிறது. அந்த எழுத்தைக் குரோசினால் திருத்த முடியாது. அது குடலில் அவிழ்ந்து, சில மணி நேரம் ரத்தத்தில் சுற்றி, வெளியேறிவிடும் ஒரு மஞ்சள் பொருள். பாலை மஞ்சளாக்கும் அது பிள்ளையின் தோலை எட்டாது. மரபணு விஷயமே தெரியாவிட்டாலும் யோசித்தால் புரியும்: காஷ்மீரிகள் பூவைத் தின்று வெளுக்கவில்லை.

"இங்க பாருங்கம்மா, மாப்பிள்ளை மாதிரியே ஒரு புள்ள பொறந்தா என்ன கொறைச்சல்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கோபப்பட்டாரா என்று தெரியவில்லை. எத்தனை வீடுகளில் எத்தனை பெண்பிள்ளைகள், தங்கள் தாய் குடித்த குங்குமப்பூ வீணாய்ப் போன கதையைக் கேட்டே வளர்ந்திருக்கிறார்கள் என்பதை வகுப்பறையில் நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையை நாம் நிறுத்தியாக வேண்டும்.

பாலை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு இழை போட்டுக் குடிக்கட்டும். மணம் இருந்தால் குமட்டல் காலத்தில் பால் உள்ளே இறங்கும். பாலில் கால்சியமும் புரதமும் இருக்கின்றன. ஒன்று மட்டும் வற்புறுத்திச் சொன்னேன். மருத்துவமனையில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை இந்தப் பாலோடு விழுங்கக் கூடாது. பாலின் கால்சியம் இரும்பை உடலில் ஏறவிடாது. மாத்திரைக்கும் பாலுக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பிள்ளைக்கும் தாய்க்கும் ரத்தம் ஊற வேண்டிய மாதங்கள் இவை.

அந்தப் பெண் என்னிடம் பிளஸ் டூ படித்தவள். அதுவரை கைநிறைய வளையலோடு பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், "சார், இந்தக் குரோசின் குங்குமப்பூல மட்டும்தான் இருக்கா?" என்றாள்.

அவர்கள் வீட்டு வாசலில்தான் பவழமல்லி மரம் நிற்கிறது. மழையில் நனைந்த பூக்கள் தரையெல்லாம் கிடந்தன. ஐந்தாறைப் பொறுக்கி வந்தேன். வெள்ளை இதழைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஆரஞ்சு நிறக் காம்புகளை மட்டும் மூன்றாவது டம்ளரில் வெந்நீரில் போட்டேன். புத்த பிக்குகளின் ஆடைக்கு ஒரு காலத்தில் சாயம் கொடுத்த காம்பு அது. அதன் நிறமியைப் பிரித்தவர்கள் நிக்டாந்தின் என்று பெயர் வைத்தார்கள். பிறகு பார்த்தால் அது குரோசெட்டினேதான். சர்க்கரை கட்டிய குரோசின் வகைகளும் அந்தக் காம்பில் உண்டு.

சற்று நேரத்தில் அந்தத் தண்ணீரும் பொன்னிறமாயிற்று. குடிக்க அல்ல, பார்ப்பதற்கு என்று சொல்லி பொன்னிறமான இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மோந்து பார்த்தாள். "இதுல வைக்கோல் வாசனை இல்லையே சார்" என்றாள்.

"அந்த வாசனைக்குப் பேரு என்ன?"

"சஃப்ரனால்" என்றாள். "ஓரத்துண்டு."

அவள் அம்மா மூன்றாவது டம்ளரை வாங்கி, தானும் ஒருமுறை மோந்து பார்த்தார்.